மணிக்கட்டில் ஒரு சிலுவை

எகிப்து நாட்டின் கொப்திக் கிறிஸ்தவர் ஒருவரைச் சந்தித்தால் அவர் எச்சமயத்தவர் என்று பெரும்பாலும் கேட்கத் தேவையில்லை. அவர் கை கொடுக்கும்போதே தெரிந்துவிடும். வலது மணிக்கட்டின் உட்புறத்தில், நாடி பார்க்கும் இடத்துக்கு அருகே, விரல் நகத்தளவில் ஒரு சிறு சிலுவை பச்சை குத்தப்பட்டிருக்கும். ஏழை விவசாயியின் கையிலும் அது உண்டு. படித்த வைத்தியரின் கையிலும் உண்டு.

பச்சை குத்துவது எமக்குப் புதிதல்ல. வயது முதிர்ந்த சில அம்மாமாரின் முன்கையில் மங்கிய பச்சைக் கோலங்களை எம்மில் பலர் சிறு வயதில் தொட்டுப் பார்த்திருக்கிறோம். இப்போது இளையோர் சிலர் சிலுவையையும் வேத வசனத்தையும் கையில் குத்திக்கொள்ள விரும்புகிறார்கள். "இது என் விசுவாசத்தைப் பிறருக்குச் சொல்லும் வழி" என்கிறார்கள். பெற்றோருக்கோ கலக்கம். இது சரியா, பிழையா? உடலில் போட்ட அடையாளத்தால் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ள முடியுமா?

இக்கேள்விக்கு உடனே தீர்ப்புச் சொல்ல முற்படாமல், இவ்வழக்கத்தை நூற்றாண்டுகளாகக் கைக்கொண்டு வந்தவர்களிடம் முதலில் கேட்டுப் பார்ப்போம். அவர்களிற் பெரும்பாலானோர் எம்மைப் போல மண்ணை நம்பி வாழ்ந்தவர்கள். எம்மைப் போல மண்ணைப் பிரிந்தவர்களும் அவர்களில் உண்டு.

நைல் நதிக்கரை மக்கள்

எகிப்துக்கு நற்செய்தியைக் கொண்டுவந்தவர் பரிசுத்த மாற்கு என்பது கொப்திக் திருச்சபையின் பாரம்பரியம். இத்திருச்சபை தன் ஆண்டுகளைக் கி.பி. 284 இலிருந்து கணக்கிடுகிறது. கிறிஸ்தவர்களைக் கொடுமையாகத் துன்புறுத்திய றோமப் பேரரசன் டயோக்கிளேசியன் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. துன்புறுத்தியவன் ஆட்சிக்கு வந்த ஆண்டையே முதலாம் ஆண்டாக வைத்து, அதனை இரத்தசாட்சிகளின் ஆண்டு என அழைக்கும் திருச்சபை இது. 7ஆம் நூற்றாண்டில் அரேபியர் எகிப்தைக் கைப்பற்றிய பின்னர், கிறிஸ்தவர்கள் படிப்படியாகச் சிறுபான்மையினர் ஆயினர்.

கிறிஸ்தவர்கள் கையில் சிலுவை குத்திக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. 6ஆம் நூற்றாண்டில் காசாவில் வாழ்ந்த புறொக்கோப்பியஸ் என்னும் வேத விளக்கவுரையாளர், தம் காலத்துக் கிறிஸ்தவர் பலர் மணிக்கட்டிலோ புயத்திலோ சிலுவையை அல்லது கிறிஸ்துவின் பெயரைக் குத்தியிருந்ததாக எழுதி வைத்துள்ளார்.

கொப்திக் குடும்பங்களில் பெரும்பாலும் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சிலுவை குத்தப்படுகிறது. புனிதர்களின் திருவிழாக்களுக்குக் குடும்பமாகப் போகும்போது, மடாலயங்களின் வாசலில் பச்சை குத்துபவர் இருப்பார். பிள்ளை அழும், தாய் அணைத்துக்கொள்வாள், சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், "பிள்ளை காணாமற் போனாலும், நாங்கள் இறந்து போனாலும், இது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிய வேண்டும்" என்ற கருத்தில் பெற்றோர் விடை சொல்கிறார்கள். ஆலயங்கள் தாக்கப்பட்ட காலங்களில் இச்சிலுவை நுழைவுச் சீட்டாகவும் பயன்பட்டது. வாசலில் காவல் நிற்பவர்கள் மணிக்கட்டைப் பார்த்தே உள்ளே விடுவார்கள்.

எகிப்திலிருந்து ஜெருசலேம் நகருக்குச் சென்று குடியேறிய றசூக் என்னும் கொப்திக் குடும்பம், யாத்திரிகருக்குப் பச்சை குத்தும் தொழிலை இன்றுவரை செய்து வருகிறது. ஏறத்தாழ 700 ஆண்டுகளாகத் தங்கள் முன்னோர் இத்தொழிலைச் செய்ததாக அவர்கள் சொல்கிறார்கள். ஒலிவ மரக்கட்டையில் உருவத்தைச் செதுக்கி, மையில் தோய்த்துத் தோலில் அச்சாகப் பதித்து, அந்தக் கோட்டின் வழியே ஊசியால் குத்துவது அவர்களுடைய பழைய முறை. மின்சார ஊசி வந்தபோது அதனைக் கார் பற்றரியில் இயக்கினார்கள். புனித பூமிக்குப் போய் வந்த யாத்திரிகருக்கு அந்த அடையாளமே வாழ்நாள் சான்றிதழ். 1862 இல் அங்கு சென்ற பிரித்தானிய இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னரானவர், அவரும் ஜெருசலேமில் சிலுவை குத்திக்கொண்டார்.

காப்பதும் காட்டிக்கொடுப்பதும்

அடையாளம் என்பது நண்பனுக்கு மட்டும் தெரிவதன்று, பகைவனுக்கும் தெரியும். மணிக்கட்டுச் சிலுவையைக் கழற்றி வைக்கவோ ஒளித்து வைக்கவோ முடியாது. அதைக் குத்திக்கொண்டவர், ஆபத்து வரும்போது "நான் அவனல்ல" என்று சொல்லும் வழியைத் தாமே அடைத்துக்கொள்கிறார்.

மேல் எகிப்தின் மின்யா மாகாணத்தில் ஏழை விவசாயக் கிராமங்கள் பல உள்ளன. நிலம் சிறிது, குடும்பம் பெரிது. ஆகவே ஆண்கள் கூலி வேலை தேடி அயல்நாடான லிபியாவுக்குப் போவார்கள். அவ்வாறு போனவர்களில் 20 கொப்திக் தொழிலாளர்களையும் கானா நாட்டவர் ஒருவரையும் ஆயுததாரிகள் பிடித்து, 2015 பெப்ரவரியில் கடற்கரையில் வைத்துக் கொன்றார்கள். கிறிஸ்தவர்கள் என்பதே அவர்கள் மீதிருந்த குற்றம். கொல்லப்பட்டோரில் 13 பேர் அல்-ஓர் என்னும் ஒரே கிராமத்தவர். கொப்திக் திருச்சபை அவர்களை இரத்தசாட்சிகளாக ஏற்றுக்கொண்டது. 2023 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கத்தோலிக்க திருச்சபையின் இரத்தசாட்சிகள் பட்டியலிலும் இந்த 21 பேரையும் சேர்த்தார்.

சகோதரர் இருவரை அதில் இழந்த ஒருவர், சில நாட்களின் பின் தொலைக்காட்சியில் பேசினார். கொலையாளிகளுக்குப் பழி நேர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவர்களுடைய கண்கள் திறக்கப்பட வேண்டும் என்று செபித்தார். சிலுவை அடையாளத்துக்கு இதைவிடச் சிறந்த விளக்கவுரை வேறு எதுவும் இருக்க முடியாது.

அன்பான வாசகர்களே, அடையாளம் பார்த்து மனிதரைப் பிரிப்பது என்றால் என்ன என்பதை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அட்டையைப் பார்த்து ஒருபுறம் ஒதுக்கப்பட்டவர்கள் எம்மில் உண்டு. ஆகவே அடையாளத்தின் பாரத்தை நாம் இலேசாகப் பேச முடியாது. தெரிந்துகொண்டே அதைச் சுமப்பவர்களை நாம் மதிக்கிறோம். பிறர் மீது அதைச் சுமத்துவதற்கோ எமக்கு உரிமை இல்லை.

பொஸ்னியத் தாய்மார்

ஐரோப்பாவில் பொஸ்னியா என்னும் மலைநாடு 1463 இல் ஓட்டோமன் துருக்கியரின் ஆட்சிக்கு உட்பட்டு, 1878 வரை அவ்வாறே இருந்தது. அங்கு கத்தோலிக்க விவசாயக் குடும்பங்கள் தம் பெண்பிள்ளைகளின் கைகளில் சிலுவை குத்தும் வழக்கத்தைக் கொண்டிருந்தன. புறங்கை, விரல்கள், முன்கை, சிலவேளை மார்பு, நெற்றி ஆகிய இடங்களிலும் குத்துவார்கள். மகள் வேறு சமயத்துக்கு மாற்றப்படக்கூடாது, கொண்டு செல்லப்பட்டாலும் தான் யார் என்பதை மறக்கக்கூடாது என்பதே காரணம் என மக்கள் சொல்லி வந்தனர். இக்கோலங்களிற் சில கிறிஸ்தவத்துக்கு முந்தியவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பழைய வழக்கத்தின் மீது மக்கள் சிலுவையை வைத்தார்கள் என்று நாம் விளங்கிக்கொள்ளலாம்.

அவர்கள் பயன்படுத்திய பொருட்களைப் பாருங்கள். அடுப்புக்கரி அல்லது விளக்குப் புகைக்கரி, தேன், பிள்ளைக்குப் பாலூட்டும் தாயின் பால். இவற்றைக் குழைத்துத் தோலில் வரைந்து, ஊசியால் குத்திக் கட்டிவைப்பார்கள். எல்லாம் வீட்டிலும் தோட்டத்திலும் கிடைப்பவை. குத்துபவர் பெரும்பாலும் கிராமத்து மூதாட்டி ஒருவர். பரிசுத்த யோசேப்பின் திருநாளான மார்ச் 19 அதற்கு உகந்த நாட்களில் ஒன்று. சிலுவையைச் சுற்றி வளையம், வேலி, ஊசியிலை மரக்கிளை, தானியக் கதிர் ஆகிய கோலங்களைப் போடுவார்கள். விவசாயப் பெண்ணின் கையில் சிலுவையும் கதிரும் ஒன்றாக இருந்தன.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வழக்கம் அருகிப்போனது. 1992 முதல் 1995 வரை அந்நாட்டில் நடந்த போரில் எல்லாச் சமயத்தவருமாக 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு ஓட நேர்ந்தது. கைகளில் சிலுவைக் கோலம் தாங்கிய மூதாட்டியரும் தங்கள் கிராமங்களைப் பிரிந்தார்கள். வீடும் மாட்டுப்பட்டியும் எரிந்தன, காணி உறுதிகள் தொலைந்தன. தாய் குத்திவிட்ட சிலுவை மட்டும் கையோடு வந்தது. அண்மைக் காலத்தில் பேத்திமார் சிலர் அதே கோலங்களைத் தம் கைகளிலும் குத்திக்கொள்கிறார்கள். கட்டாயப்படுத்த ஒருவரும் இல்லாத காலத்தில், பாட்டியின் நினைவாக அவர்கள் விரும்பிச் செய்வது இது.

குப்பை மேட்டில் ஒரு திருச்சபை

மீண்டும் எகிப்துக்கு வருவோம். 1940களில் மேல் எகிப்தின் அசியூத் பகுதியிலிருந்து நிலமற்ற ஏழை விவசாயிகள், விளைச்சல் பொய்த்து வறுமை தாங்காமல், தலைநகர் கெய்ரோவை நோக்கிப் பெயர்ந்தார்கள். பெரும்பாலானோர் கொப்திக் கிறிஸ்தவர்கள். நகரத்தில் அவர்களுக்கு உழுவதற்கு நிலம் இல்லை. கிடைத்த வேலை, வீடு வீடாகப் போய்க் குப்பை எடுப்பது. மக்கள் அவர்களை "சப்பாலீன்", அதாவது குப்பைக்காரர், என்று அழைத்தார்கள். தகரக் கொட்டில்களில் வாழ்ந்த அவர்களை அதிகாரிகள் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு விரட்டினார்கள். 1970 அளவில் ஒரு பகுதியினர் நகரத்தின் ஓரத்தில் உள்ள முகத்தம் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தனர்.

அம்மலையைப் பற்றிய ஒரு மரபுக் கதை அம்மக்களுக்கு மிகவும் பிரியமானது. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீமோன் என்ற தோல் பதனிடும் தொழிலாளியின் செபத்தால் மலை அசைந்தது என்பார்கள். அந்தச் சீமோன் நாள்தோறும் வேலைக்குப் போகுமுன் முதியோருக்கும் நோயாளருக்கும் தண்ணீர் சுமந்து கொடுத்தவர் என்றும் கதை சொல்கிறது. குப்பைக்காரர் தம் ஆலயத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். 1978 இல் அவர்களுக்குக் குருவாக அபிஷேகம் பெற்ற அருட்தந்தை சமான், 2023 இல் இறக்கும்வரை அவர்களோடு உழைத்தார். மலைக்குகையில் அமைந்த அவ்வாலயத்தில் இன்று ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். அதன் வாசலிலும் பச்சை குத்துபவர்கள் இருக்கிறார்கள்.

இம்மக்கள் செய்த தொழிலை நாம் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஆண்கள் விடியற்காலையில் கழுதை வண்டியிலும், பின்னர் சிறு லொறியிலும் போய்க் குப்பை கொண்டுவருவார்கள். பெண்கள் அதைக் கையால் தரம் பிரிப்பார்கள். கடதாசி, பிளாஸ்ரிக், போத்தல், தகரம், துணி எல்லாம் தனித்தனியே போகும். உணவுக் கழிவு பன்றிகளுக்குத் தீனி. சேர்த்த குப்பையில் ஐந்தில் நான்கு பங்கு வரை மீண்டும் பயனுக்கு வந்தது. 1984 இல் அமைக்கப்பட்ட சுற்றாடல் பாதுகாப்புச் சங்கம் ஒன்று, பன்றி எருவைக் கூட்டெருவாக்கி விவசாயிகளுக்கு விற்றது. அந்த வருமானத்தோடு பெண்களுக்குத் துணித்துண்டுகளில் விரிப்பு நெய்யும் பயிற்சியும் எழுத்தறிவும் வளர்ந்தன. நிலத்தை இழந்து வந்த விவசாயிகள், குப்பையிலிருந்து நிலத்துக்குப் பசளை கொடுத்தார்கள்.

2009 இல் பன்றிக் காய்ச்சல் பயத்தில் அரசாங்கம் நாட்டிலிருந்த ஏறத்தாழ 3 இலட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவிட்டது. குப்பைக்காரரின் வருமானத்தில் பெரும்பகுதி ஒரேயடியாக அழிந்தது. உணவுக் கழிவு தெருக்களில் அழுகத் தொடங்கிய பின்னரே, அவர்கள் செய்த சேவை எவ்வளவு பெரியது என்பது நகரத்துக்கு விளங்கியது. அவர்கள் தொழிலைக் கைவிடவில்லை.

கெய்ரோ நகரத்தவரிற் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். அவர்களுடைய வீட்டுக் கதவை நாள்தோறும் தட்டிய கைகளில் ஒரு சிறு சிலுவை இருந்தது. அக்கை யாரையும் மதம் மாறச் சொல்லி அழைக்கவில்லை. மற்றவர் அருவருத்து எறிந்ததை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு போனது. சிலுவை எதைக் குறிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

வேதாகமம் என்ன சொல்கிறது?

இறந்தவருக்காக உடலைக் கீறுவதையும் உடலில் அடையாளம் எழுதுவதையும் லேவியராகமம் 19:28 தடை செய்கிறது. இக்கட்டளை இன்றும் பொருந்தும் என்று கொள்ளும் சபைகள் உண்டு. அது அயலாரின் துக்கச் சடங்குகளை மனதிற் கொண்டு கூறப்பட்டது என்று கொள்ளும் சபைகளும் உண்டு. கி.பி. 787 இல் வட இங்கிலாந்தில் கூடிய திருச்சபைச் சங்கம், புறச்சமய வழக்கப்படி உடலில் குத்துவதைக் கண்டித்தது. அதே வலியை ஒருவர் கடவுளுக்காக ஏற்றால் அது பாராட்டுக்குரியது என்றும் கூறியது. ஆகவே இது இன்று எழுந்த விவாதமன்று. தத்தம் சபையின் போதனையை அறிந்து நடப்பதே ஒழுங்கு.

வேறு இரு பகுதிகளையும் நாம் வாசிக்க வேண்டும். ஏசாயா 49:16 இல், கடவுள் சீயோனைத் தம் உள்ளங்கைகளில் பொறித்து வைத்திருப்பதாகச் சொல்கிறார். ஊரை இழந்து, ஆலயத்தை இழந்து, கடவுள் எம்மை மறந்துவிட்டார் என்று புலம்பிய மக்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது. நாம் எம் கையில் அவருடைய அடையாளத்தைப் போடுமுன்னரே அவர் தம் கையில் எம்மைப் போட்டுவிட்டார். கலாத்தியர் 6:17 இல் பவுல் தம் உடலில் இயேசுவின் அடையாளங்கள் உண்டு என்கிறார். அவை ஊசியால் குத்தியவையல்ல, பணி செய்யும்போது பட்ட அடிகளின் தழும்புகள் என்பதே பொதுவான விளக்கம்.

பச்சை குத்த எண்ணும் இளையோருக்கு

தோலின் மேற்படை ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாகும். ஊசி அதற்குக் கீழுள்ள படையில் மையை வைப்பதால் அது அழிவதில்லை. லேசர் ஒளியால் அழிக்கலாம். அதற்குப் பலமுறை போகவேண்டும், செலவும் அதிகம், சிலவேளை முற்றாக மறையாது. ஆகவே அவசரப்படாமல் சில மாதங்கள் யோசியுங்கள். பெற்றோரோடும் போதகரோடும் பேசுங்கள்.

• ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியாலோ மையாலோ ஈரல் அழற்சி பீ, சீ, எச்.ஐ.வி. ஆகிய நோய்க்கிருமிகள் தொற்றலாம். புதிய ஊசியை உங்கள் கண்முன் உறை பிரித்து எடுக்க வேண்டும். மை தனிக் கிண்ணத்தில் ஊற்றப்பட வேண்டும்.

• திருவிழாக் கடைகளிலும், நண்பர்கள் வீட்டில் தையல் ஊசியாலும் குத்துவதைத் தவிருங்கள்.

• ஏற்பு ஊசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சலரோகம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குத்தக்கூடாது.

• புண் முற்றாக ஆறும்வரை, குறைந்தது இரண்டு மூன்று கிழமைக்கு, வயற்சேற்றிலும் வாய்க்காலிலும் குளத்திலும் இறங்க வேண்டாம். தோலில் உள்ள காயத்தின் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் செல்லலாம். விதைப்பு, நடுகைக் காலத்தில் பச்சை குத்துவது ஆபத்து.

• குத்திய இடம் வீங்கிச் சீழ் பிடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காது வைத்தியசாலைக்குப் போங்கள்.

எமது கைகள்

இடம்பெயர்ந்து வாழ்ந்த ஆண்டுகளில் எமது கைகள் சும்மா இருக்கவில்லை. தறப்பாள் கட்டின, கிணறு தோண்டின, அயலவரின் பிள்ளையைத் தூக்கின. திரும்பிப் போய்ப் பற்றை வெட்டிய கைகளும், இன்னும் பிறர் காணியில் கூலிக்கு மண்வெட்டி பிடிக்கும் கைகளும் காய்ப்பேறி இருக்கின்றன. அவையும் அடையாளங்கள்தான்.

அகதி வாழ்வில் எமக்கு உதவியவர்களை நினைத்துப் பாருங்கள். அரிசியைக் கொடுத்துவிட்டுத் தம் சமயத்தில் சேரச் சொன்னவர்களும் இருந்திருக்கலாம். எதையும் கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். "இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?" என்று எம்மைக் கேட்க வைத்தவர்கள் இரண்டாம் வகையினரே. அந்தக் கேள்வி எழும்போதுதான் விசுவாசத்தைப் பகிர இடம் பிறக்கிறது. கையில் சிலுவை உள்ளவரும் இல்லாதவரும், எமது வாசகர்களான சைவ அன்பர்களும் தத்தம் நம்பிக்கையைப் பற்றி இதையே எண்ணிப் பார்க்கலாம். அடையாளம் பார்ப்பவரின் கண்ணில் கேள்வியை எழுப்பும். அதற்குரிய விடையை எமது கை செய்யும் வேலை சொல்ல வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. கொப்திக் பெற்றோர் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே சிலுவை குத்துவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பிள்ளை வளர்ந்து தானே தீர்மானிக்க விடுவது நல்லதா?

2. இடம்பெயர்ந்தபோது நீங்கள் கையோடு கொண்டுவந்தவை எவை? அவற்றில் உங்கள் விசுவாசத்தோடு தொடர்புடையது எது?

3. வேறு சமயத்தவர் ஒருவர் எம் கைகளைப் பார்த்து எம் விசுவாசத்தை அறிய வேண்டுமானால், எமது கிராமத்தில் நாம் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வேலை எது? அடுத்த மாதத்துக்குள் அதைத் தொடங்க யார் யார் முன்வருவீர்கள்?